இன்ஜினுக்கு இடம் விட்ட கூண்டு

அன்புள்ள மச்சான்,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், இல்லையென்றால் அக்கா சொல்லியிருப்பார். போன கடிதத்துக்கு நீ இன்னும் பதில் போடவில்லை. போனில் கேட்டால் வேலை என்கிறாய். இருக்கட்டும், அந்தக் கணக்கை நேரில் தீர்த்துக்கொள்ளலாம். இப்போது எழுதுவதற்குக் காரணம் வேறு. நேற்று நாம் கட்டும் வண்டியின் சேசிஸை, அந்தக் குழாய்க் கூண்டை, முறுக்கிப் பார்த்துவிட்டோம். அது எவ்வளவு விறைப்பு என்ற நம்பர் வந்துவிட்டது. அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

எடுத்த எடுப்பில் நம்பரைச் சொன்னால் "அவ்வளவுதானா" என்பாய். அதனால் வரிசையாக வருகிறேன்.

இன்ஜின் ஹோண்டாவின் கே20தான். அந்த முடிவு மாறாது. நீ இத்தனை வருஷமாக ஹோண்டாவின் பழைய பி16-க்காக வாதாடுகிறாய். 1989-இல் இன்டெக்ராவில் வந்த முதல் வீடெக் (வேகத்துக்கு ஏற்ப வால்வு திறப்பை மாற்றும் ஏற்பாடு), 1.6 லிட்டரில் 160 எச்.பி., எல்லாம் சரி, அந்த இன்ஜின் மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் நாம் கட்டுவது நடு இன்ஜின் வண்டிடா. முன்சக்கர வண்டியிலிருந்து இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்த்து எடுத்து, திருப்பாமல், சீட்டுக்குப் பின்னால் வைக்கிறோம். பி16-இல் எக்ஸாஸ்ட் முன்பக்கம் வருகிறது. பழுக்கக் காய்ந்த மேனிஃபோல்டுக்கும் நம் முதுகுக்கும் நடுவே ஒரு தகடுதான் இருக்கும். கே20-இல் இன்டேக் முன்னால், எக்ஸாஸ்ட் பின்னால். சூடு பின்பக்கமாகப் போய்விடும், காற்றை இழுக்கும் சத்தம் மட்டும் காதுக்குப் பக்கத்தில் கேட்கும். 8,000 ஆர்.பி.எம்.மில் அது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார். கியர் மாற்றுவதற்கும் கே20-க்குக் கேபிள், பி16-க்குக் கம்பி. கேபிளைச் சுற்றி வளைத்துக் கொண்டுவந்து லிவரில் மாட்டலாம், கம்பியை வைத்துக்கொண்டு என்ன செய்வாய்? பதில் இருந்தால் எழுது. இல்லையென்றால் வழக்கு முடிந்தது.

வி8 பேச்சும் வேண்டாம். ஜெனரல் மோட்டார்ஸின் வி8 எல்எஸ்1-இன் அலுமினிய பிளாக் எனக்கும் பிடிக்கும். ஆனால் அதை நடுவில் வைத்தால் அந்த 5.7 லிட்டரின் டார்க்கை, அதாவது முறுக்கு விசையை, தாங்கும் டிரான்ஸ்ஆக்சிலை (கியர்பாக்ஸும் டிஃப்ரென்ஷியலும் ஒன்றாய் இருப்பதை) தனியாகத் தேட வேண்டும், அதற்கு ஏற்ற ட்ரைவ் ஷாஃப்ட், அதற்கு ஏற்ற ஹப், அதற்கு ஏற்ற பிரேக் என்று எடை ஏறிக்கொண்டே போகும். 600 கிலோவுக்குள் ஒரு வண்டி, 200 எச்.பி., இரண்டு சீட். நாம் அன்று பெஞ்சில் கீறி வைத்ததும் இதேதான். அதற்கு கே20 போதும். அதன் கியர்பாக்ஸும் டிஃப்ரென்ஷியலும் கூடவே வந்துவிடுகின்றன.

திருப்பாமல் வைக்க முடிவது எவ்வளவு பெரிய விஷயம் என்று லோட்டஸ் யூரோப்பாவைப் பார்த்தால் தெரியும். 1966-இல் ரெனோ 16-இன் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் அரை வட்டம் திருப்பிப் பின்னால் வைத்தார்கள். அதனால் டிஃப்ரென்ஷியலின் பெரிய பற்சக்கரமான கிரவுன் வீலை மறுபக்கத்துக்கு மாற்றிப் போட வேண்டியிருந்தது. மாற்றாமல் விட்டிருந்தால் அந்த வண்டி நாலு கியரில் பின்னால் ஓடியிருக்கும், ஒரே கியரில் முன்னால். நமக்கு இன்ஜின் குறுக்கு வாக்கில் உட்காருவதால் அந்தத் தொல்லை இல்லை.

சரி, இப்போது உண்மையான விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாதங்களில் என் தூக்கத்தைக் கெடுத்தது இன்ஜின் இல்லை. இன்ஜினுக்காகக் கூண்டில் விட வேண்டிய ஓட்டைதான்.

நாலு குழாயைச் சதுரமாக வெல்டிங் செய்து ஒரு மூலையைத் தள்ளினால் அது சாய்சதுரமாகச் சாயும். ஒரு குறுக்குக் குழாய் போட்டு இரண்டு முக்கோணமாக்கினால் அசையாது. எந்தக் குழாயும் வளையக் கூடாது, இழுபட வேண்டும் அல்லது அழுத்தப்பட வேண்டும், கூண்டு சேசிஸின் கதை அவ்வளவுதான். முன்பக்கம் அதைச் சுலபமாகச் செய்துவிட்டேன். 25 மில்லிமீட்டர் சதுரக் குழாய், 1.6 மில்லிமீட்டர் சுவர், பார்த்த இடத்திலெல்லாம் முக்கோணம். சீட்டுக்குப் பின்னால் வந்ததும் கதை மாறுகிறது. மேலிருந்து இன்ஜின் இறங்க வேண்டும், கிளட்ச் தேய்ந்தால் மேலே ஏறி வர வேண்டும். அங்கே மேல்பக்கம் குறுக்குக் குழாய் போட முடியாது. தீப்பெட்டியின் உள்தட்டை மட்டும் எடுத்து இரண்டு முனையிலும் பிடித்து முறுக்கிப் பார், எவ்வளவு சுலபமாகத் திரும்புகிறது என்று தெரியும். மூடியில்லாத பெட்டி அப்படித்தான். அதுவும் அந்தப் பெட்டியின் கோடியில்தான் பின் சஸ்பென்ஷன் முழுவதும் தொங்குகிறது.

இது நமக்கு மட்டும் வந்த சிக்கல் இல்லை. 1954-இல் வந்த மெர்சிடிஸ் 300 எஸ்எல்-இன் கூண்டு ரொம்ப லேசு. அவ்வளவு லேசான கூண்டு விறைப்பாக நிற்க, பக்கவாட்டில் குழாய்களை உயரமாகக் கொண்டுபோக வேண்டியிருந்தது. சாதாரணக் கதவு வைக்க இடமே இல்லை. அதனால்தான் கதவு மேலே திறந்தது. எல்லாரும் அழகுக்குச் செய்தது என்று நினைக்கிறார்கள். அவர்களுக்குக் கதவில் வந்த சிக்கல் எனக்கு இன்ஜினில் வந்தது. நீ சுவரில் ஒட்டி வைத்திருந்த மசெராட்டி டிப்போ 61-இல் மெல்லிய குழாய்கள் சுமார் 200 இருந்தன என்று நீதான் எனக்கு முதலில் சொன்னாய். அந்தப் படத்தில் இருந்த குழாய்க் காட்டுக்குள் மெக்கானிக் எப்படிக் கைவிட்டு வேலை செய்திருப்பான் என்று இப்போது அடிக்கடி நினைக்கிறேன்.

குரோம்மோலி (குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகு) குழாய் போடலாமா என்று நீ கேட்டிருந்தாய். தம்பியும் அதையே பிடித்துக்கொண்டு நின்றான். வாத்தியார்தான் தீர்த்து வைத்தார். 4130 என்ற அந்தக் குரோம்மோலிக் குழாய்க்கு வலிமை அதிகம், ஆனால் விறைப்பு சாதாரண மைல்டு ஸ்டீலுக்கு உள்ள அதே விறைப்புதான், இரண்டுக்கும் விறைப்பைச் சொல்லும் எலாஸ்டிக் மாடுலஸ் 200 ஜிகாபாஸ்கலை ஒட்டியே வரும். உடையாமல் இருக்க வேண்டுமென்றால் அதை வாங்கு, முறுகாமல் இருக்க வேண்டுமென்றால் குழாயின் விட்டத்தைக் கூட்டு, இல்லையென்றால் குழாயை வேறு இடத்தில் வை, இதுதான் அவர் சொன்னது. அதோடு சரி. வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. உனக்குத் தெரியுமே அவரை.

கடைசியில் போட்டு முடித்தது, கழற்றி மாட்டக்கூடிய ஒரு மேல் குறுக்குக் குழாய். 32 மில்லிமீட்டர் உருண்டைக் குழாய், ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு. வண்டி ஒரு பக்கம் திரும்பும்போது அது இழுபடும், மறுபக்கம் திரும்பும்போது அழுந்தும். அழுந்தும்போது வளைந்துவிடக் கூடாது என்றுதான் அந்தத் தடிமன். ஆனால் போல்ட் போட்டு மாட்டும் குழாயில் ஒரு ஆபத்து இருக்கிறது. ஓட்டை ஒரு மயிரிழை பெரிதாக இருந்தாலும் அந்த மயிரிழை அளவுக்குக் கூண்டு முதலில் முறுகிவிடும், அதற்குப் பிறகுதான் குழாய் வேலையைத் தொடங்கும். அதனால் ஒவ்வொரு முனையிலும் இரண்டு தகட்டுக் காதுகளுக்கு நடுவே குழாய் உட்காருகிற மாதிரி வைத்தோம். குழாய் முனையில் தடித்த சுவருள்ள ஒரு ஸ்லீவ் வெல்டிங் செய்து, மூன்றையும் சேர்த்துப் பிடித்து 9.8-இல் டிரில் போட்டு, ஓட்டையைத் துல்லியமாக்கும் ரீமரை எண்ணெய் விட்டுக் கையாலேயே சுற்றி 10 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தோம். போல்டில் மரை இல்லாத வழுவழுப்பான பகுதிதான் காதுகளுக்குள் இருக்க வேண்டும். மரை உள்ளே வந்தால் பாரம் ஏற ஏற அது ஓட்டையைத் தின்றுவிடும். முதல் போல்டை வாத்தியார் கட்டைவிரலால் அழுத்தினார். எண்ணெயைத் தள்ளிக்கொண்டு மெதுவாக உள்ளே போனது, ஆட்டம் துளியும் இல்லை.

இப்போது நம்பர். பின் சஸ்பென்ஷன் மாட்டும் இடங்களை மேஜையோடு இறுக்கினோம். முன்பக்கத்தை நடுவில் ஒரே புள்ளியில் நிறுத்தி, குறுக்கே ஒரு நீளக் கம்பி கட்டி, மையத்திலிருந்து 1 மீட்டரில் 50 கிலோ தொங்கவிட்டோம். கிட்டத்தட்ட 490 நியூட்டன் மீட்டர். அந்த 1 மீட்டரிலேயே அசைவை அளக்கும் டயல் கேஜ். மேல் குழாய் இல்லாமல் 6 மில்லிமீட்டர் இறங்கியது. குழாயை மாட்டி, அதே எடையைத் தொங்கவிட்டால் 3. கோணமாக்கிப் பார்த்தால் ஒரு டிகிரிக்கு 1,400 நியூட்டன் மீட்டர் சொச்சமாக இருந்தது 2,800-ஐத் தாண்டிவிட்டது. ஒரே ஒரு குழாய் மச்சான்! எடையை எடுத்ததும் முள் பூஜ்ஜியத்துக்கே திரும்பியது. போல்ட் வழுக்கவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. நான் மறுபடியும் மறுபடியும் எடையை ஏற்றி இறக்கி முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாத்தியார் சிரித்தார். அவர் சிரித்து நீ பார்த்திருக்கிறாயா?

இதற்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று கேட்பாய். சேசிஸ் முறுகினால் அதுவே ஐந்தாவது ஸ்பிரிங் ஆகிவிடும், அந்த ஸ்பிரிங்குக்கு ஷாக் அப்ஸார்பர் கிடையாது. வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் ஆன்ட்டி ரோல் பாரை முன்னால் மாற்றினால் அதன் பலன் பின் சக்கரம் வரை போய்ச் சேராது, நடுவிலேயே முறுகிக் கரைந்துவிடும். எதை மாற்றினாலும் ஒன்றும் புரியாது. அப்படி ஒரு வண்டியை ஓட்டிவிட்டு "இன்ஜினுக்குப் பவர் பத்தலை" என்று இன்ஜினை மாற்றுகிறவர்களை நாம் இருவருமே பார்த்திருக்கிறோம். எனக்கு அந்த வேலை வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உருள் வளையம், வண்டி கவிழ்ந்தால் தலையைக் காக்கும் குழாய். நம் சின்னவனுக்கு நடந்த பிறகு இதில் நான் யார் பேச்சையும் கேட்பதாக இல்லை. எடை கூடும், அழகு போகும் என்று நீ சொன்னதையும் சேர்த்துத்தான். மாணவர்கள் கட்டுகிற ஃபார்முலா வண்டிகளுக்கே விதிப்படி 25 மில்லிமீட்டர் விட்டம், 2.5 மில்லிமீட்டர் சுவர் வேண்டும். முன் வளையத்தின் உச்சியிலிருந்து பின் வளையத்தின் உச்சிக்குக் கோடு இழுத்தால் ஹெல்மெட் அதற்கு 50 மில்லிமீட்டர் கீழே இருக்க வேண்டும். நம் வண்டி அதைவிடக் கனம், அதைவிட வேகம். அதனால் நான் 45 மில்லிமீட்டர் குழாயில், தரையிலிருந்து தரை வரை ஒரே துண்டாக, நடுவில் ஒட்டுப் போடாமல் வளைத்திருக்கிறேன். தையல் போட்ட குழாய் இல்லை, தையலில்லாதது. பின்னால் இரண்டு தாங்கு குழாய்கள், அவை இறங்கும் இடத்தில் மூன்று குழாய்கள் வந்து சேருகிற சந்திப்பு. இரண்டாவது சீட்டில் முதலில் ஏறி உட்காரப் போவது யார் என்று உனக்குத் தெரியும். இப்போதே தினமும் ஹெல்மெட்டோடு வந்து நிற்கிறாள்.

மற்றதெல்லாம் ஒழுங்காகப் போகிறது. ரேடியேட்டர் முன்னால், தண்ணீர்க் குழாய்கள் இரண்டு பக்கமும் சீட்டுக்கு வெளியே ஓடுகின்றன. காற்று தங்காமலிருக்க உச்சியில் ஒரு டேங்க் வைத்தாயிற்று. ஆயில் சம்ப்புக்குள் தடுப்புத் தகடு போட வேண்டும். லேசான வண்டி, ஒட்டுகிற டயர், நீண்ட வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி பம்ப் காற்றைக் குடித்தால் பேரிங் போய்விடும். ஸ்டியரிங் தண்டு நேராக நெஞ்சுக்கு வராமல் இரண்டு ஜாயின்டில் ஒடித்துக் கொண்டுவந்திருக்கிறேன். பிரேக்குக்கு இரண்டு மாஸ்டர் சிலிண்டர், நடுவில் முன் பிரேக்குக்கும் பின் பிரேக்குக்கும் அழுத்தத்தைப் பிரித்துக் கொடுக்கும் பேலன்ஸ் பார். தம்பி அதைக் கச்சிதமாகச் செய்தான், பார்த்தால் நீயே ஆச்சரியப்படுவாய்.

ஒயரிங் மட்டும் உனக்காகக் காத்திருக்கிறது. பழைய வண்டியின் ஹார்னஸ், அந்த ஒயர்க் கட்டு முழுவதும் தரையில் விரித்தபடி கிடக்கிறது. ஏர்பேக், ஏ.சி., கண்ணாடி மோட்டார் எல்லாவற்றின் ஒயர்களும் அதில் பின்னிக் கிடக்கின்றன. எதை உருவலாம், எதைத் தொட்டால் இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈசியூ கோபித்துக்கொள்ளும் என்று உனக்குத்தான் தெரியும். இம்மொபிலைசர் வேறு இருக்கிறது, சாவியை அடையாளம் தெரியாமல் பெட்ரோலையே விடாது. பழைய ஈசியூவையே வைத்துக்கொள்வதா, தனியாக ஒன்று வாங்குவதா? எனக்குப் பழையதே போதும் என்று தோன்றுகிறது, குளிர்ந்த இன்ஜினைக் காலையில் எழுப்ப அதற்குத் தெரிந்த அளவு வேறு எதற்கும் தெரியாது. ஆனால் முடிவு உன்னுடையது. இதில் நான் தலையிட மாட்டேன், பி16 விஷயத்தில் நீ தலையிடாமல் இருந்தால்.

மவுண்டுகள் தயார். இன்ஜினை ஒரு தரம் செயின் பிளாக்கில் இறக்கிப் பார்த்து எடுத்துவிட்டேன். வால்வு கவருக்கும் மேல் குழாய்க்கும் நடுவே இரண்டு விரல் இடம் இருக்கிறது. அடுத்த முறை இறக்கினால் அங்கேயே இருக்கப்போகிறது. அப்போது நீ இங்கே இருக்க வேண்டும். வாத்தியாருக்கு இப்போது கண் முன்போல இல்லை, வெல்டிங்கைப் பார்க்காமல் விரலால் தடவித்தான் சொல்கிறார். சொல்வது என்னவோ இன்னும் சரியாகத்தான் இருக்கிறது. அவர் இருக்கும்போதே இந்த இன்ஜின் ஓட வேண்டும் என்று நினைக்கிறேன். லீவு கிடைக்காது, ஆள் இல்லை என்றெல்லாம் எழுதாதே.

அடுத்த மாதத்தில் உனக்கு எந்த வாரம் தோது என்று எழுது. இன்ஜினை இறக்குவதை அதற்கேற்றபடி வைத்துக்கொள்கிறேன். வரும்போது ஹார்னஸ் படங்கள், நல்ல கிரிம்பிங் பிளையர், அப்புறம் நீ என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போன அந்தப் பெரிய டார்க் ரெஞ்ச், மூன்றையும் கொண்டு வா. மவுண்ட் போல்டுகளை அது இல்லாமல் இறுக்க மாட்டேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக் கூட்டாளி