படுக்கைக் கணக்கும் மருந்து அலமாரியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேசிய மருத்துவ சேவை குறித்த உங்கள் தலையங்கத்தைப் படித்தேன். எத்தனை படுக்கைகள், எத்தனை ஸ்கேன் கருவிகள், எத்தனை புதிய கட்டடங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் நோயாளி முதலில் வந்து நிற்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அரசு மருத்துவத் துறையில் மருந்தாளுநராக வேலை பார்த்து ஓய்வுபெற்ற எனக்கு அது உறுத்தியது.

பெரிய மருத்துவமனையில் நான் மருந்து கொடுத்த ஜன்னலுக்கு வந்தவர்களில் பலரிடம் இருந்தது ரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ எழுதிய வழக்கமான சீட்டுதான். நிபுணர்கள் இருக்கும் இடத்தில் அவர்களுக்கு என்ன வேலை? விசாரித்தால், பக்கத்து நிலையத்தில் மாத்திரை தீர்ந்துவிட்டது என்பார்கள். ஒரு தடவை வெறுங்கையோடு திரும்பியவர் அடுத்த முறை நேராகப் பெரிய மருத்துவமனைக்குத்தான் வருவார். அப்புறம் கூட்டம் தாங்கவில்லை என்று புதிய கட்டடம் கேட்போம்.

மாத்திரை ஏன் தீர்கிறது? பணம் இல்லாததால் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பல இடங்களில் குற்றவாளி இருப்புப் பதிவேடு. ஒரு நிலையத்தில் ஒரு மாத்திரை மாதம் 900 தேவை என்று வையுங்கள். பத்து நாள் அலமாரி காலியாகக் கிடந்தால் பதிவேட்டில் செலவு 600 என்றுதான் ஏறும். அடுத்த இண்டென்ட், அதாவது மருந்து கேட்டு நிலையம் அனுப்பும் பட்டியல், அந்த 600ஐப் பார்த்தே போகும், 600தான் வரும், அதுவும் இருபதாம் தேதியே தீரும். காகிதத்திலோ கேட்டதெல்லாம் கொடுத்தாகிவிட்டது! இருப்பு இருந்த நாட்களுக்கு மட்டும் சராசரி பார்த்து, அதை முழு மாதத்துக்கும் கணக்கிட்டு, கையிருப்புக்குக் கொஞ்சம் கூட்டிக் கேட்டால் இந்தச் சிக்கல் தீரும். இதற்கு ஸ்கேன் கருவி வேண்டாம், பெருக்கலும் வகுத்தலும் போதும்.

முதல் படியைப் பலப்படுத்துவது புதிய யோசனை அல்ல. பிரிட்டனில் 1920இலேயே மருத்துவர் டாசன் தலைமையிலான அரசு ஆலோசனைக் குழு, ஆரம்ப நிலையம், அதற்கு மேல் இரண்டாம் நிலை, அதன் பின்னால் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்று அடுக்கடுக்காகத் திட்டம் போட்டுக் கொடுத்தது. 1948 ஜூலை 5 அன்று தொடங்கிய அந்நாட்டின் தேசிய சுகாதார சேவையில் மக்கள் ஒரு குடும்ப மருத்துவரிடம் பதிந்துகொள்வார்கள். அவசரம் அல்லாதபோது நிபுணரிடம் போக பொதுவாக அவருடைய கடிதம் வேண்டும். கோஸ்டாரிகா 1990களில் ஏறக்குறைய 4,000 பேருக்கு ஒரு சிறு மருத்துவக் குழு என்று ஏற்பாடு செய்தது. டாக்டரோடு, வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளரும் அதில் உண்டு. பணக்கார நாடு செய்தது என்று தள்ளிவிட முடியாத உதாரணம் இது.

கடிதம் கட்டாயம் என்றால் இன்னொரு வரிசைதானே என்று சிலர் கேட்பார்கள். முதல் நிலையத்தில் டாக்டரும் மருந்தும் இல்லாமல் விதியை மட்டும் கொண்டுவந்தால் அப்படித்தான் ஆகும். பிரிட்டனிலும் நிபுணருக்காக மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை.

மேலே போகும் கடிதத்தைப் பற்றிப் பேசுகிறோம், கீழே திரும்ப வேண்டிய கடிதத்தை மறந்துவிடுகிறோம். ஒரு மருத்துவமனையிலிருந்து டிஸ்சார்ஜ் ஆன வயதான அம்மா ஒருவர் என்னிடம் இரண்டு மாத்திரை அட்டைகளைக் காட்டி, எதை முதலில் போடுவது என்று கேட்டார். பெயர் வேறு, நிறம் வேறு, உள்ளே இருந்தது ஒரே ரத்த அழுத்த மருந்து. ஒன்று மருத்துவமனை கொடுத்தது, மற்றது அவருடைய பழைய டாக்டர் எழுதியது. நிறுத்திய மருந்து எது, புதிதாகச் சேர்த்தது எது என்று அந்த டாக்டருக்கு நாலு வரி எழுதி அனுப்ப யாருக்கும் தோன்றவில்லை. இதை இலவச சிகிச்சை என்று கணக்கில் சேர்க்கலாம், முழுமையான சேவை என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அடுத்த முறை சுகாதார அமைச்சர் புதிய கட்டடத்தை அறிவிக்கும்போது உங்கள் நிருபர் ஒரு கேள்வி கேட்கட்டும்: கடந்த மூன்று மாதங்களில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் அத்தியாவசிய மருந்துகள் எத்தனை நாள் இருப்பில் இல்லை? பதில் வந்தால் திறப்பு விழாப் படத்துக்குப் பக்கத்திலேயே போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர்