பேரன் பேச்சு

செந்தூல், கோலாலம்பூர்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து, தண்ணீர்மலைக் கோவில் படிகளை மறுபடி ஏறத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் மனசு நிறைந்தது.

பேத்தியை ஆங்கிலப் பாலர் பள்ளியில் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தாய். என் பேரனுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

நாலு வயதில் அப்படி ஒன்றில்தான் சேர்த்தோம். பிள்ளை குழம்பக் கூடாது, வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள் என்றார்கள். நானும் கேட்டுக்கொண்டேன். எனக்கு வருகிற ஆங்கிலம் சாப்பிடு, தூங்கு என்பதோடு சரி. கதை, கொஞ்சல், திட்டு எல்லாம் நின்றுபோயின. மூன்று வருடம்!

ஏழு வயதில் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு. பாடங்கள் தமிழில், கூடவே மலாய். ஆங்கில வகுப்பில் மட்டும் கை தூக்குவானாம், மற்ற நேரம் வாயே திறப்பதில்லை. சிற்றுண்டிச்சாலையில் காரச் சம்பல் வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல், நாசி லெமாக் சோற்றைத் தொடாமலே பசியோடு வந்த நாளில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவன் ஆசிரியை நல்லவர். புது மொழிக்குள் போகிற பிள்ளைகள் சில மாதங்கள்கூடப் பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பதுண்டு, அதட்டாதீர்கள் என்றார். எழுத்துகளைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டான். 'அணில்' என்று எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, அப்படியென்றால் என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டான். படத்தில் பார்த்த பிராணிதான், பெயர்தான் காதில் விழுந்ததே இல்லை.

2003இல் என் சின்னவன் முதலாம் ஆண்டில் சேர்ந்தபோது, கணிதமும் அறிவியலும் திடீரென்று ஆங்கிலத்துக்கு மாறியது நினைவிருக்கிறதா? தடுமாறினான். ஆனாலும் புரியாததைத் தமிழில் நச்சரித்துக் கேட்டுத் தெரிந்துகொண்டான். பேரனுக்குக் கேட்கவே சொல் இல்லை. ஆங்கிலம் படித்தது தப்பே இல்லை. அதற்காக வீட்டில் தமிழை நிறுத்தினோமே, அதுதான் தப்பு.

இப்போது இரவில் நம் தோட்டத்து லயத்து வீட்டுக் கதைகளைச் சொல்கிறேன். நீ கிணற்றடியில் வாளியைத் தொலைத்த கதையை நாலு முறை கேட்டுவிட்டான். போன வாரம், "பாட்டி, வாளி கெடச்சுச்சா?" என்று அவனாகவே தமிழில் கேட்டான்.

பேத்தியைத் தாராளமாகச் சேர். வீட்டில் என்ன மொழி பேசச் சொல்கிறார்கள் என்று மட்டும் முதலில் விசாரி. தமிழை நிறுத்தச் சொன்னால் வேறு இடம் பார். அப்புறம், அந்த வாளி கடைசியில் கிடைத்ததா? எனக்கே மறந்துவிட்டது, எழுது.

அன்புடன்,
உன் தோழி