தாராவி அக்காமார்களுக்கும் வக்கீல் தம்பிக்கும் நன்றி

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

என் பெயரையும் போடவில்லை, உங்கள் பெயரையும் போடவில்லை. காரணம் உங்களுக்கே தெரியும். 90 அடி ரோடு பக்கத்துச் சந்து என்றால் உங்களுக்குப் புரிந்துவிடும்.

எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. மாத்திரை 2004 முதல் அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசம்தான். ஆனால் அதை வாங்கப் போகிற அன்று வீட்டுவேலை செய்கிறவளுக்குக் கூலி கிடையாது. லீவுக்குக் காரணம் கேட்பார்கள். அங்கே கேள்வியெல்லாம் இந்தியிலும் மராத்தியிலும் வரும். நான் பேசுவதோ திருநெல்வேலித் தமிழ். வசதியுள்ளவருக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. என்னைப் போன்றவர்கள் மாத்திரையைப் பாதியில் விடுவதே இதனால்தான். நான் அதை நிறுத்திவிடாமல் பார்த்துக்கொண்டது நீங்கள்.

இட்லிக் கடை அக்கா, விடியற்காலை வியாபாரத்தை மகனிடம் விட்டுவிட்டு என்னோடு வரிசையில் நின்றீர்கள். நான் சொல்லக் கூசியதையெல்லாம் கவுன்சலரிடம் இந்தியில் எடுத்துச் சொன்னீர்கள். வீட்டுக்கு வந்ததும் மாத்திரை டப்பாவில் பஞ்சை அடைத்துக் கொடுத்தீர்கள். தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் குலுங்குகிற சத்தம் கேட்கக் கூடாதே என்று உங்களுக்குத்தான் தோன்றியது. எனக்குக்கூடத் தோன்றவில்லை அக்கா.

என் கணவர் இறந்தபின் சொந்தக்காரர்கள் பழியை என் தலையில் போட்டார்கள். வேலையும் போயிற்று. அந்த மாதம் சீட்டு எடுக்க வேண்டியவர் யாரோ, "அவள் எடுக்கட்டும்" என்று விட்டுக்கொடுத்தார். யார் என்று இன்றுவரை நீங்கள் யாரும் சொல்லவில்லை. அவருக்கும் என் நன்றி.

அப்புறம் வாடகை வீட்டு ஓனர் காலி பண்ணச் சொன்னார். வக்கீல் தம்பி, சத்தம் போடாமல் போய்ப் பேசினீர்கள். எச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்காக வாடகை வீட்டையோ வேலையையோ வைத்தியத்தையோ மறுக்கக் கூடாது என்று 2017இல் சட்டம் வந்து, 2018 செப்டம்பரிலிருந்து அமலில் இருப்பதை அவருக்கு விளக்கினீர்கள். அதே வீட்டில்தான் இன்றும் இருக்கிறேன்.

இப்போது ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்திருக்கிறது. மகளுக்குப் பரிசோதனையில் எதுவும் இல்லை. பள்ளிக்கூடம் போகிறாள்.

நம் பக்கத்தில் யாருக்காவது ஆஸ்பத்திரிக்குத் துணை வேண்டுமென்றால் இட்லிக் கடை அக்காவிடம் சொல்லிவிடுங்கள். நான் வருகிறேன். இந்தியும் இப்போது ஓரளவு பேசுவேன். புதன்கிழமை எனக்கு வேலை இல்லை.

உங்கள் தங்கை