பூநாரைகளைக் கிளப்பாமலே அந்தியைப் படமெடுக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்கழி, தை மாதங்களில் பழவேற்காடு ஏரியின் அந்திக் காட்சிகளைத் தமிழ் நாளிதழ்கள் விரும்பி வெளியிடுகின்றன. இறங்கும் சூரியனுக்குக் குறுக்கே பூநாரைக் (ஃபிளமிங்கோ) கூட்டம் சிறகடித்து எழும்பும் படம் அவற்றுள் அடிக்கடி இடம்பெறுகிறது. ஏரியின் ஆந்திரக் கரையான சூலூர்பேட்டையில் வசிக்கும் தமிழ் வாசகன் என்ற முறையில், அத்தகைய படங்களில் சில எப்படி எடுக்கப்படுகின்றன என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குச் செல்லும் சாலை ஏரியின் ஊடாகக் கிழக்கு நோக்கிப் போகிறது. மார்கழியில் சூரியன் நேர் மேற்கிலிருந்து ஏறத்தாழ 24 பாகை தெற்கே விலகி மறைவதால், சாலையில் நிற்பவருக்கு அது தென்புறத்துத் தண்ணீர்ப் பரப்புக்கு மேலாக இறங்குவது தெரியும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் கழுவிவிட்டாற்போல் இருக்கும் நாட்களில் இதைக் காண ஆயிரம் கண் வேண்டும். பூநாரைகள் பெருந்திரளாக இங்கே தங்குவதும் இதே பருவத்தில்தான். ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர்க் காயல் என அறியப்பட்டாலும் இந்த ஏரிக்கு ஆழம் குறைவு. அந்த ஆழமின்மைதான், நீண்ட கால்களில் நின்று அலகைத் தலைகீழாக நீரில் ஆழ்த்திச் சேற்று நீரை வடிகட்டி உண்ணும் பூநாரைக்கு வாழ்வளிக்கிறது.

மாலை 5 மணிக்கு மேல் சாலையோரத்தில் வண்டிகள் நிற்கத் தொடங்கும். பறவைகள் தலை நிமிராமல் மேய்ந்துகொண்டிருந்தால், காமிராவுடன் வந்தவர்களில் சிலருக்குப் பொறுமை போய்விடுகிறது. கைதட்டுகிறார்கள், ஹாரன் அடிக்கிறார்கள், கரையிலிருந்து கல்லை விட்டெறிகிறார்கள். படகில் செல்பவர்கள், “ஒரே ஒரு தடவ கிளப்பி விடுண்ணா” என்று படகோட்டியிடம் கூடுதல் பணம் நீட்டுவதையும் கண்டிருக்கிறேன். அன்றைய பிழைப்புக்காகத் துடுப்பு பிடிக்கும் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கேட்பவர்தான் கேட்காமல் இருக்க வேண்டும். பூநாரை சிட்டுக்குருவியைப் போல நின்ற இடத்திலிருந்து எழும்பக்கூடிய பறவை அன்று. கழுத்தை முன்னே நீட்டி, தண்ணீரின் மேல் தடதடவென்று சில அடி ஓடி, அதன் பிறகே அது காற்றில் ஏறும். இரை தேட வேண்டிய நேரத்தில் அந்த ஓட்டத்தை மீண்டும் மீண்டும் ஓடவைப்பது கொடுமையன்றி வேறென்ன? 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தரும் ‘வேட்டை’ என்பதன் விளக்கத்தில் விரட்டுதலும் அடங்கும் என்பதைப் படமெடுப்பவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

இவ்வளவு செய்தும் கிடைக்கும் படம் நல்ல படமா என்றால், இல்லை என்பதே என் எண்ணம். பூநாரையின் இறக்கையில் உள்ள செந்நிறமும் கருநிறமும் அது பறக்கும்போதுதான் முழுமையாகத் தெரியும், அதற்காகவே கிளப்புகிறார்கள். ஆனால் சூரியனுக்கு எதிராகக் காமிராவைப் பிடிக்கும்போது பறவை வெறும் கரிய நிழலுருவாகிவிடுகிறது. எந்த நிறத்துக்காக விரட்டினார்களோ அந்த நிறமே படத்தில் இல்லை. விரட்டியதில் தண்ணீர் கலங்கி, வானத்தின் பிரதிபலிப்பும் சிதறிப்போகிறது. மாறாக, காற்று அடங்கிய மாலையில் மேயும் பறவைகளின் கால்கள் நிழலோடு சேர்ந்து இரட்டை நீளமாகத் தெரியும்போது, வானத்தின் வெளிச்சத்துக்கேற்ப எக்ஸ்போஷரை, அதாவது காமிராவுக்குள் விழும் ஒளியின் அளவைக் குறைத்து எடுத்தால், ஏரியும் வானமும் ஒன்றாகக் கலந்த படம் கிடைக்கும். சாலையோரத்தில் காமிராவைத் தாங்கும் ஒரு முக்காலியும், தொலைவில் உள்ளதை நெருக்கிக் காட்டும் டெலிபோட்டோ லென்ஸும் இதற்குப் போதும். சூரியன் மறைந்தவுடன் பலரும் கிளம்பிவிடுகிறார்கள். மேலே மேகம் இருந்தால், அதற்குப் பிந்தைய கால் மணி நேரத்தில்தான் நிறங்கள் கனிந்து வருகின்றன. இருட்டும் நேரத்தில் பறவைகள் தாமாகவே இடம் மாறுவதும் உண்டு. பறக்கும் படம்தான் வேண்டும் என்பவர் அதற்குக் காத்திருக்கலாம்.

ட்ரோனைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். நாட்டின் ராக்கெட் ஏவுதளத்தை ஒட்டிய பகுதி இது. இங்கே அனுமதியின்றி ட்ரோன் பறக்கவிடுவது பறவைகளை மட்டுமன்றிப் பாதுகாப்பையும் பாதிக்கும்.

தாங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வாசகர்கள் அனுப்பும் பறவைப் படங்களுக்கு, எங்கிருந்து, எவ்வளவு தொலைவில், எந்தச் சூழலில் எடுக்கப்பட்டது என்ற விவரத்தைக் கட்டாயமாகக் கேளுங்கள். விரட்டி எடுத்தது எனத் தெரிந்தால், அது எவ்வளவு அழகான படமாக இருந்தாலும் தயவுசெய்து வெளியிடாதீர்கள். அச்சில் வரும் என்ற ஆசைதான் பலரைக் கல்லெடுக்கத் தூண்டுகிறது. சூலூர்பேட்டையில் வழக்கமாக ஜனவரியில் நடக்கும் பூநாரைத் திருவிழாவுக்குத் தமிழகத்திலிருந்தும் ஏராளமானோர் காமிராவுடன் வருவார்கள் என்பதால், இந்த நிபந்தனையை அதற்கு முன்பாகவே தங்கள் நாளிதழில் அறிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
சூலூர்பேட்டை, திருப்பதி மாவட்டம், ஆந்திரப் பிரதேசம்.