ஆறு மாதச் சான்றிதழும் மூன்றாண்டுப் பட்டமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறன்று தங்கள் நாளிதழுடன் வந்த உயர்கல்வி வழிகாட்டி இணைப்பின் மொழிப் படிப்புகள் பகுதியில், கொரியன், ஜப்பானியம், சீனம் போன்ற மொழிகளை ஆறு மாதச் சான்றிதழ் வகுப்பிலேயே கற்றுவிடலாம் என்றும், அவற்றுக்காகப் பட்டப்படிப்பில் சேர்ந்து மூன்று ஆண்டுகளை வீணாக்க வேண்டியதில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். டெல்லியில் கொரிய மொழியில் இளங்கலைப் பட்டம் பெற்று, அந்தப் பட்டத்தைக் கொண்டே ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத் தொழிற்சாலைகளில் மொழிபெயர்ப்பாளராகப் பல ஆண்டுகளாகப் பணியாற்றிவரும் நான், அந்த வரியைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்கத்தான் முதலில் நினைத்தேன். ஆனால் மறுநாளே எங்கள் தெருவைச் சேர்ந்த ஒருவர் அந்த இணைப்பை மடித்து எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். பிளஸ் ஒன் முடித்திருக்கும் அவருடைய மகள் கொரிய மொழி படிக்க வேண்டும் என்று ஓராண்டாக என்னிடம் பேசிவருகிறாள். "பேப்பர்லயே போட்டிருக்காங்களேம்மா" என்று அவர் கேட்டபோது, அச்சில் வந்ததை எதிர்த்து நான் வாயால் சொல்வது எடுபடவில்லை. அதனால்தான் இக்கடிதம்.

ஆங்கில இலக்கியத்தை மூன்று ஆண்டுகள் படிப்பதை நம் ஊரில் யாரும் வீண் என்று சொல்வதில்லை. முப்பது நாளில் ஆங்கிலம் பேசலாம் என்று சொல்லும் புத்தகங்கள் பேருந்து நிலையங்களில் விற்கின்றன என்பதற்காக, கல்லூரிகளில் ஆங்கிலத் துறைகளை மூடச் சொல்லித் தாங்களும் எழுதியதில்லை. ஆசிய மொழி என்றதும் மட்டும் அது பேசிப் பழகும் திறமையாகச் சுருங்கிவிடுவது ஏன் என்பதை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை.

மன்னர் சேஜோங் 1446இல் அறிவித்த ஹங்குல் எழுத்துகளைச் சில நாட்களில் கற்றுவிடலாம் என்பது உண்மைதான். வினைச்சொல் வாக்கியத்தின் இறுதியில் வருவதும், வேற்றுமை உருபுகள் பெயருக்குப் பின்னால் ஒட்டுவதும், எதிரில் இருப்பவரின் வயதுக்கும் தகுதிக்கும் ஏற்ப வினைமுற்று மாறுவதும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அந்த மொழியை விரைவில் நெருக்கமாக்கிவிடுகின்றன. ஆறு மாத வகுப்பு அந்த இடத்தில் நின்றுவிடுகிறது. எங்கள் பட்டப்படிப்போ அங்கேதான் தொடங்கியது. சீன எழுத்துகளில் வேர்கொண்ட சொற்களை, அவை இல்லாமல் ஒரு செய்தித்தாளையோ ஒப்பந்தத்தையோ வாசிக்க முடியாது என்பதால், ஒவ்வொன்றாகப் படித்தோம். கொரியாவின் பழைய அரசான சில்லா நாட்டுத் துறவி ஹேச்சோ எட்டாம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்து எழுதிய பயணக்குறிப்பு 1908இல் சீனாவின் துன்ஹுவாங் குகையில் கண்டெடுக்கப்பட்ட வரலாற்றைப் படித்தோம். 1910 முதல் 1945 வரை ஜப்பானிய ஆட்சி அந்த மக்களின் மொழியையும் பெயர்களையும் என்ன செய்தது என்பதைப் படித்தோம். இவையெல்லாம் தெரியாமல் ஒரு கொரியருக்கும் ஒரு தமிழருக்கும் நடுவில் அமர்ந்து பேச்சை மாற்றித் தருவது ஆபத்தானது என்பதை நான் வேலையில் கண்டிருக்கிறேன்.

அதற்கு ஒரு சான்று தருகிறேன். இப்பகுதியிலுள்ள ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் இயந்திரத்தில் கை சிக்கி ஓர் இளைஞர் காயமடைந்தார். விபத்து பற்றிய அறிக்கையைக் கொரிய மேற்பார்வையாளர் தம் மொழியில் எழுதியிருந்தார். அங்கே மொழிபெயர்ப்பாளராக இருந்த தம்பி சான்றிதழ் வகுப்பு முடித்தவர், நல்ல பிள்ளை, வணக்கமும் நலம் விசாரிப்பும் தடையின்றிச் சொல்வார். அறிக்கையை அவரால் வாசிக்க முடியவில்லை. கைபேசிச் செயலியில் போட்டு எடுத்த மொழிபெயர்ப்பில், பாதுகாப்புக் கதவைத் திறந்துவைக்கச் சொன்னது யார் என்பதே தலைகீழாகிவிட்டது. என்னை அழைத்து அதைத் திருத்துவதற்குள் இழப்பீட்டுக் கோப்பு ஒருமுறை திரும்பி வந்துவிட்டது. அந்தத் தம்பியை நான் குறை கூறவில்லை. இதுவே போதும் என்று அவருக்குச் சொல்லி அனுப்பியவர்கள் மீதுதான் எனக்குக் கோபம். அதே அறிவுரையைத் தங்கள் நாளிதழ் இப்போது பல்லாயிரம் மாணவர்களுக்குத் தந்திருக்கிறது.

எழுத உட்கார்ந்த பிறகு, முன்பு விழுங்கிக்கொண்டவற்றையும் சொல்லிவிடுவதே நேர்மை என்று தோன்றுகிறது. கொரிய மொழியில் நூற்றுக்கணக்கான தமிழ்ச் சொற்கள் இருப்பதாகவும், கொரியாவின் பழைய அரசி நம் மண்ணிலிருந்து சென்றவர் என்றும் தங்கள் வார இதழில் அடிக்கடி முழுப்பக்கக் கட்டுரைகள் வருகின்றன. கி.பி. 48இல் ஆயுதா என்ற நாட்டிலிருந்து கடல்வழியே வந்து அரசன் சுரோவை மணந்த இளவரசியின் கதையை நமக்குத் தருவது, பதின்மூன்றாம் நூற்றாண்டில் கொரியத் துறவி இர்யோன் தொகுத்த 'சம்குக் யுசா' என்ற நூல். நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கும் தொகுப்புக்கும் இடையில் ஆயிரத்து இருநூறு ஆண்டுகள் இருக்கின்றன. இலக்கண ஒற்றுமைகள் ஜப்பானியத்திலும் துருக்கியத்திலும் உண்டு என்பதையும், தமிழும் கொரியனும் ஒரே குடும்பம் என்பதை மொழியியலாளர்கள் பொதுவாக ஏற்கவில்லை என்பதையும் விளக்கி நான் அனுப்பிய கடிதத்துக்குத் தங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு வரிப் பதில்கூட வரவில்லை. உறவு கொண்டாட ஒரு முழுப்பக்கம் தர முடிகிறது, அந்த உறவை ஆராயக் கற்றுத்தரும் படிப்பு வீண் என்றும் எழுத முடிகிறது.

உறுதியாகத் தெரிந்த உறவைப் பேசவும் தங்களுக்கு மனம் வரவில்லை. 1950இல் கொரியப் போருக்குச் சென்ற இந்திய ராணுவத்தின் 60ஆவது பாராசூட் மருத்துவப் பிரிவுக்குத் தலைமை தாங்கியவர் லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ். அந்தப் பணிக்காக மகாவீர் சக்ரா பெற்ற இத்தமிழரைப் பற்றித் தங்கள் இதழில் நான் படித்த நினைவு இல்லை.

2024 டிசம்பர் 3ஆம் தேதி இரவு அன்றைய தென்கொரிய அதிபர் யூன் சுக் யோல் ராணுவச் சட்டத்தை அறிவித்தபோது, தங்கள் நாளிதழ் அதை 'நள்ளிரவு நாடகம்' என்று தலைப்பிட்டது. அந்த இரவில் நாடாளுமன்ற வாசலுக்கு ஓடிவந்த முதியவர்கள் பலர், 1980 மே மாதத்தில் ராணுவச் சட்டத்தின் பெயரால் குவாங்ஜு நகரில் மக்கள் சுட்டுக் கொல்லப்பட்டதை வாழ்நாளில் கண்டவர்கள். உறுப்பினர்கள் மதிலேறிக் குதித்து உள்ளே சென்று வாக்களித்ததால்தான் சில மணி நேரத்தில் அந்தச் சட்டம் நீங்கியது. அதே ஆண்டு இலக்கிய நோபல் பரிசு பெற்ற கொரிய எழுத்தாளர் ஹான் காங் குவாங்ஜுவில் பிறந்தவர், அந்தப் படுகொலையை நாவலாக எழுதியவர். இரண்டு மாத இடைவெளியில் வந்த இந்த இரு செய்திகளையும் இணைத்து எழுத, கொரிய மூலத்தை வாசிக்கத் தெரிந்த ஒருவர் தங்கள் அலுவலகத்தில் இருந்திருந்தால் போதும். ஆங்கில நிறுவனங்கள் அனுப்பும் செய்தியைத் தமிழாக்கிப் போடும் நிலையிலேயே நாம் எத்தனை காலம் இருப்பது?

இருங்காட்டுக்கோட்டையில் கொரிய நிறுவனத்தின் கார் உற்பத்தி தொடங்கியது 1998இல். அன்றிலிருந்து கொரியர்கள் நம்மிடையே வாழ்கிறார்கள். ஆனாலும் நான் பள்ளி முடித்தபோது, இப்படிப்புக்காக நம் மாநிலத்தில் விசாரித்த இடங்களில் எல்லாம் கையை விரித்தார்கள். என்னை டெல்லிக்கு அனுப்பியதற்காக என் தந்தை உறவினர்களிடம் பட்ட பேச்சு கொஞ்சமல்ல. பெரியப்பா அப்பாவோடு சில காலம் பேசவே இல்லை. அவரும் இதுபோன்ற வழிகாட்டிப் பக்கம் ஒன்றைத்தான் கையில் வைத்துக்கொண்டு வாதிட்டார்.

தங்களிடம் நான் கேட்பது இரண்டு. அந்த வரிக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். மேலும், தங்கள் வழிகாட்டி இணைப்பு பிளஸ் டூ முடிவுகளையொட்டி மே மாதத்தில் வருகிறது. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் நுழைவுத்தேர்வுக்கு விண்ணப்பிக்கும் காலமோ அதற்கு வெகு முன்பே முடிந்துவிடுகிறது என்பது தாங்கள் அறியாததல்ல. எனவே வரும் டிசம்பரிலேயே ஒரு பத்தி ஒதுக்கி, டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம், ராஞ்சியிலுள்ள ஜார்க்கண்ட் மத்தியப் பல்கலைக்கழகம், 1937 முதல் சீன பவனம் இயங்கிவரும் சாந்திநிகேதனின் விஸ்வபாரதி ஆகியவற்றில் எந்தெந்த ஆசிய மொழிகளைப் பட்டப்படிப்பாகப் படிக்கலாம் என்பதையும், சேருவதற்கு அந்த மொழி முன்பே தெரிந்திருக்க வேண்டியதில்லை என்பதையும் அச்சிடுங்கள். எழுத ஆள் இல்லையென்றால் நானே எழுதித் தருகிறேன், சன்மானம் வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகி,
ஸ்ரீபெரும்புதூர்.