சாலையோரத்தில் அவர் குடித்தது மருந்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீரிழிவு ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட நடந்த நெடுந்தூர சைக்கிள் பயணத்துக்குச் சென்ற இதழில் இரண்டு பக்கங்கள் ஒதுக்கியிருந்தீர்கள். அந்தப் பயணத்தில் வண்டி மிதித்தவர்களில் நானும் ஒருவன் என்ற முறையில் அதற்கு முதலில் என் நன்றி. ஆனால் இரண்டாம் பக்கத்தில் ஒரு படம் இருக்கிறது. சாலையோரக் கல்லில் உட்கார்ந்து, தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல், ஓர் இளம்பெண் பாட்டிலில் இருந்து இனிப்புப் பானத்தைக் குடித்துக்கொண்டிருக்கிறார். கீழே, ‘சர்க்கரை நோய்க்கு எதிரான பயணத்திலும் சர்க்கரையை விட மனமில்லை!’ என்று அச்சாகியிருக்கிறது. படத்தின் ஓரத்தில் இரண்டு சைக்கிள்களைச் சாயாமல் பிடித்திருக்கும் கை என்னுடையது. அங்கே நடந்ததை என்னைவிடப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் வேறு யாரும் இல்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

மொத்தம் 160 கிலோமீட்டர். நாங்கள் நின்ற இடம் 112-ஆவது கிலோமீட்டர். நீண்ட ஏற்றம் ஒன்றை முடித்திருந்தோம். அதுவரை பேசிக்கொண்டே வந்தவர் திடீரென்று அமைதியானார். அவருடைய முன்சக்கரம் சாலையின் வெள்ளைக் கோட்டைத் தாண்டித் தாண்டி வந்தது. ‘சரியாக இருக்கிறாயா?’ என்று கேட்டதற்கு, நான் கேட்காத வேறொரு கேள்விக்குப் பதில் சொன்னார். உடனே நிறுத்தச் சொன்னேன். இரத்தச் சர்க்கரையை அளக்க அவர் கையில் ஒட்டியிருந்த சென்சார் 74 காட்டியது. அளவு வேகமாக இறங்குகிறது என்று, பக்கத்தில் அம்புக்குறி நேராகக் கீழே பார்த்துக்கொண்டிருந்தது. சென்சார் சற்றுப் பின்தங்கித்தான் காட்டும்; விரலில் குத்தி எடுத்த சொட்டு இரத்தத்தில் 52, ஆபத்தான குறைவு. பாட்டில் மூடியைத் திருகுவதற்கு அவருடைய விரல்களில் தெம்பு இல்லை. நான்தான் திறந்து கொடுத்தேன். பதினைந்து கிராம் சர்க்கரை, பதினைந்து நிமிடக் காத்திருப்பு, மறுபடி ஒரு குத்தல், மறுபடி பதினைந்து கிராம். தங்கள் புகைப்படக்காரர் படம் எடுத்தது இந்த இடைவெளியில்தான். அவர் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்போம்.

தாங்கள் அறியாதது அல்ல. உடலை வருத்தும்போது தசைகள் இன்சுலினின் துணை இல்லாமலேயே இரத்தத்தில் இருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். நல்ல நிலையில் உள்ள கணையம் அதை உணர்ந்து இன்சுலின் சுரப்பைக் குறைத்துவிடும். ஊசியிலோ பம்பிலோ ஏற்றிக்கொண்ட இன்சுலினை அப்படித் திரும்ப எடுக்க முடியாது. அது தன் நேரம் முடியும்வரை வேலை செய்துகொண்டேதான் இருக்கும். இரண்டும் சேர்ந்தால் அளவு சரசரவென்று இறங்கும். மேலும் இறங்கினால் வலிப்பு வரும், நினைவு தப்பும். அந்த நேரத்தில் இனிப்புப் பானம்தான் மருந்து. உடலில் இன்சுலின் சுரப்பே நின்றுபோகும் முதல் வகை நீரிழிவு உள்ளவர்கள் மட்டுமே இடம்பெறும் ஒரு தொழில்முறை சைக்கிள் அணி 2013 முதல் உலகப் போட்டிகளில் ஓடிவருகிறது; சட்டைப் பையில் சர்க்கரை இல்லாமல் அவர்களும் வண்டியில் ஏற முடியாது.

ஒரு படக்குறிப்பு எழுதியவரின் அறியாமை என்று நான் இதை விட்டிருப்பேன். விட முடியவில்லை, ஏனென்றால் இது முதல் முறை அல்ல. ஏழு ஆண்டுகளுக்கு முன்பு இதே இதழின் நலவாழ்வுப் பக்கத்தில் குழந்தைகளுக்கு வரும் நீரிழிவைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. பெற்றோர் செல்லம் கொடுத்து இனிப்பு ஊட்டுவதைக் குறைத்தால் போதும் என்று அது முடிந்திருந்தது. அன்றும் எழுதினேன். கடிதம் வெளிவரவில்லை, பதிலும் வரவில்லை. குழந்தைகளைப் பெரும்பாலும் தாக்குவது முதல் வகை. அதில் உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழித்துவிடுகிறது. தின்ற இனிப்புக்கும் அதற்கும் தொடர்பு கிடையாது.

எனக்கு அது வந்தபோது வயது பதினொன்று. தீராத தாகம், இரவில் ஐந்து முறை எழுந்தேன், சட்டை தோளில் தொங்கியது. மருத்துவர் என் தாயாரிடம் ‘இது உங்கள் தவறு அல்ல’ என்று சொன்னதை நானே காதால் கேட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும், ‘கேட்டதை எல்லாம் வாங்கிக் கொடுத்துக் கெடுத்துவிட்டாயே’ என்றார்கள். மருத்துவர் சொன்னது ஒரு முறை. இவர்கள் சொன்னது ஆண்டுக்கணக்கில். அன்றிலிருந்து என் தாயார் இனிப்பைத் தொடவில்லை. அவருக்குச் சர்க்கரை நோய் இல்லை. இருபத்தாறு ஆண்டுகள், தாம் செய்யாத குற்றத்துக்கு, இறக்கும்வரை அந்தப் பிராயச்சித்தத்தைச் செய்தார். பள்ளித் தேர்வு அறையில் என் குளுக்கோஸ் வில்லைகளை ‘மிட்டாய்’ என்று சொல்லிப் பிடுங்கி மேசையில் வைத்துக்கொண்ட கண்காணிப்பாளரையும், ‘இந்த வயதிலேயே சுகரா, வாயைக் கட்டக் கூடாதா?’ என்று வேலை நேர்காணலில் கேட்டவரையும் நான் மன்னித்துவிட்டேன். அவர்கள் பத்திரிகை நடத்தவில்லை.

வாயைக் கட்டும் வைத்தியமும் ஒரு காலத்தில் நடந்ததுதான் ஐயா. இன்சுலினுக்கு முன்பு மருத்துவர்களின் கையில் இருந்தது அது ஒன்றே. குழந்தைகளைப் பட்டினிக்கு அருகில் வைத்திருந்தார்கள்; மரணம் சிறிது காலம் தள்ளிப்போனது, அவ்வளவுதான். 1922 ஜனவரி 11 அன்று டொராண்டோவில் லெனார்டு தாம்சன் என்ற பதினான்கு வயதுச் சிறுவனுக்கு முதல் இன்சுலின் ஊசி போடப்பட்டபோது அவன் எலும்பும் தோலுமாக இருந்தான். ஆராய்ச்சியாளர்கள் பாண்டிங்கும் பெஸ்ட்டும் கணையத்தில் இருந்து தயாரித்த அந்தச் சாறு தூய்மையாக இல்லாததால் ஒவ்வாமை வந்தது. அவர்களுடன் பணியாற்றிய காலிப் அதைச் சுத்திகரித்துக் கொடுத்தார். ஜனவரி 23 அன்று மறுபடி போட்டபோது சர்க்கரை இறங்கியது. அவனைக் காப்பாற்றியது நாவடக்கம் அல்ல, ஆய்வுக்கூடம். முதல் வகை நீரிழிவு முழுமையாக வெளிப்படுவதை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போடக்கூடிய டெப்லிசுமாப் என்ற மருந்துக்கு 2022-இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. பதினொரு வயதில் ஊசியைக் கையில் எடுத்தவனுக்குத்தான் அந்த இரண்டு ஆண்டுகள் என்னவென்று தெரியும். அந்த ஆராய்ச்சிக்குத் துணைநின்ற பணத்தில், நோயுற்ற குழந்தைகளின் பெற்றோர் 1970-இல் தொடங்கிய ஓர் அமைப்பு திரட்டிய பணமும் உண்டு. எங்களைப் போலச் சைக்கிள் மிதித்தும் அவர்கள் நிதி சேர்க்கிறார்கள்.

அதனால்தான் அந்த ஒரு வரி எனக்கு இவ்வளவு வலிக்கிறது. வாயைக் கட்டினால் தீரும் நோய்க்கு ஆராய்ச்சி எதற்கு, அதற்கு நான் ஏன் பணம் தர வேண்டும் என்றுதானே படிப்பவருக்குத் தோன்றும்? இது என் கற்பனை அல்ல. எனக்கு நன்கொடை தருவதாக ஒப்புக்கொண்டிருந்த அலுவலக நண்பர் ஒருவர், தங்கள் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பி, ‘முதலில் உங்கள் ஆட்களை இனிப்பை நிறுத்தச் சொல்லுங்கள்’ என்று எழுதினார். பணம் வரவில்லை. ஒரு பயணத்துக்கு நாங்கள் ஐந்து மாதங்கள் தயாராகிறோம். ஒவ்வொரு நன்கொடையாளரிடமும் மூன்று முறையாவது கேட்கிறோம். வண்டி மிதிப்பதைவிட அப்படிக் கேட்பதுதான் கடினம்.

கட்டுரையின் தலைப்பில் எங்களை ‘நோயை வென்றவர்கள்’ என்று எழுதியிருந்தீர்கள். பாராட்டாகத்தான் எழுதினீர்கள், தெரியும். ஆனால் பயணம் முடிந்த இரவில் தசைகள் இழந்த சர்க்கரையை மீட்டுக்கொண்டே இருக்கும் என்பதால், தூக்கத்திலேயே அளவு இறங்கிவிடும் ஆபத்து உண்டு. அன்றிரவு இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து விரலில் குத்திப் பார்த்தேன், மறுபடி நான்கு மணிக்கும் பார்த்தேன். வென்றவன் அப்படி எழ வேண்டியதில்லை.

நான் தங்களிடம் கேட்பது சிறியது. வரும் இதழில், அதே பக்கத்தில், அதே எழுத்து அளவில் அந்தப் படக்குறிப்பைத் திருத்தி வெளியிடுங்கள். ‘சர்க்கரை அளவு 52-க்கு இறங்கியதால் அவசரச் சிகிச்சை எடுத்துக்கொள்ளும் பயணி. அரை மணி நேரத்துக்குப் பின் மீண்டும் வண்டி ஏறி, மீதி 48 கிலோமீட்டரையும் முடித்தார்’ என்று போட்டால் போதும். அந்தப் பெண்ணிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். தம் பெயரைப் போட வேண்டாம் என்கிறார். படத்தையும் மறுபடி போட வேண்டாம் என்கிறார். அவருடைய தாயார் இன்னும் அந்த இதழைப் பார்க்கவில்லை.

தங்கள் நெடுநாள் வாசகன்