முதல் பருவ நிறைவு: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம்.

முதல் பருவம் நிறைவடையும் தறுவாயில் இக்கடிதத்தை எழுதுகிறேன். வழக்கம்போல இந்தப் பருவமும் நம் பள்ளிக்குப் பெருமை சேர்த்தது. பொதுத்தேர்வு முடிவுகள் மனநிறைவு தந்தன. ஹாக்கி அணி அரையிறுதி வரை சென்றது. அறிவியல் கண்காட்சி, தமிழ் மன்றப் பேச்சுப் போட்டி, மரக்கன்று நடுவிழா ஆகியவை இனிதே நடந்தேறின. இளையோர் விடுதியில் சூரிய வெந்நீர்க் கருவி பொருத்தியாகிவிட்டது. மேகம் இல்லாத நாட்களில் நன்றாகவே வேலை செய்கிறது. பங்கேற்ற, உழைத்த அனைவருக்கும் வாழ்த்துகள். விவரங்களும் படங்களும் ஆண்டு மலரில் வெளிவரும்.

நிறுவனர் தின விழாவுக்கு முன்னாள் மாணவர்கள் திரளாக வந்திருந்தார்கள். நூலகத்துக்கு அவர்கள் அளித்த நூல்களுக்கு நன்றி. அவர்களில் பலர் இன்று நம் பள்ளியின் பெற்றோரும்கூட. அன்றிரவு விளையாட்டுத் திடலில் நடந்த கேம்ப்ஃபயர் பற்றியும், அதற்கு அடுத்த வாரம் நடந்தது பற்றியும் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து முன்னாள் மாணவர்கள் தங்கள் விடுதி நாட்களை நினைவுகூர்ந்தார்கள். வெந்நீர் வராத காலைகள், பரிமாறுபவரிடம் கெஞ்சி வாங்கிய இரண்டாவது முட்டை என்று தொடங்கிய பேச்சு, ஒன்பதரை மணிக்குமேல் ரம்முக்கு வந்து சேர்ந்தது. பால் கேனுக்குள் பாட்டில் வந்த கதை. மேட்ரனின் இருமல் மருந்துக் குப்பியில் பிராந்தி ஊற்றிவைத்த கதை. மூத்தோர் விடுதியின் குளியலறை ஜன்னல் கம்பியில் நைலான் கயிறு கட்டி, பாட்டிலை வெளிப்பக்கம் தொங்கவிட்டு, இரவுச் சோதனைக்கு வந்த இளம் வேதியியல் ஆசிரியரை ஏமாற்றிய கதை. அந்த ஆசிரியர் நான்தான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். கதையை நன்றாகவே சொன்னார்கள். பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் இரண்டாம் வரிசையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள். என் வகுப்பில் அவர்கள் எந்தப் பாடத்தையும் அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

அடுத்த சனிக்கிழமை நள்ளிரவு தாண்டிய வேளையில், பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன் செருப்புகூடப் போடாமல் ஓடிவந்து விடுதிக் காப்பாளரின் கதவைத் தட்டினான். மேல்மாடியில் மூத்த மாணவன் ஒருவன் நினைவிழந்து கிடந்தான். பழைய சலவைக் கூடத்துக்குப் பின்னால் சிலர் கூடிக் குடித்திருக்கிறார்கள். அவன் தள்ளாடியதும் நண்பர்கள் தூக்கிவந்து, முகத்தில் குளிர்ந்த நீரை அடித்து, கடுங்காப்பி புகட்டப் பார்த்து, எதுவும் பலிக்காமல் மல்லாக்கப் படுக்கவைத்து, காப்பாளரின் டார்ச் வெளிச்சத்துக்கு முகம் தெரியாதபடி தலை வரை மூன்று கம்பளிகளால் மூடிவிட்டார்கள். மருத்துவமனையில் சேர்த்தோம். இப்போது நலமாக இருக்கிறான். அவன் பெற்றோர் நேரில் வந்து, இதை எல்லாப் பெற்றோருக்கும் எழுதுங்கள் என்று அவர்களே கேட்டுக்கொண்டார்கள். யார் அந்த மாணவன் என்று வாட்ஸ்அப் குழுவில் ஆராய்ச்சி செய்ய வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

மறுநாள் காலை, துப்புரவுப் பணியாளர் அம்மா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். மூத்தோர் விடுதியின் குளியலறை ஜன்னல். அதே கம்பி. நைலான் கயிறு புதியது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தக் கயிற்றில் தொங்கிய பாட்டிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நீலகிரியில் 2022 மே மாதத்திலிருந்து டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணத்தைத் தந்துவிடுகிறார்கள். காட்டுக்குள் வீசிய பாட்டில்கள் யானையின் காலைக் கிழிப்பதைத் தடுக்க உயர் நீதிமன்றத்தின் தலையீட்டால் வந்த ஏற்பாடு இது. திரும்ப வாங்குவதற்கான அடையாளம் பாட்டிலிலேயே இருக்கும். நம் ஜன்னலில் தொங்கிய பாட்டிலில் அது இல்லை. அது ஒரு விமான நிலையத்தின் சுங்கவரியில்லாக் கடையில் வாங்கிய ஒரு லிட்டர் பாட்டில். இந்த மலையில் வாங்கியதல்ல. சமவெளியிலிருந்து, ஒரு வீட்டிலிருந்து மேலே ஏறி வந்தது.

ஊர்க் கடையைக் குறை சொல்லிக் கடிதம் எழுதுவது எனக்கு மிக எளிது. ஆனால் தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது. பக்கத்திலுள்ள கேரளத்தில் 23. நமக்குத் தெரிந்தவரை, இந்த முறை எந்தக் கடைக்காரரும் நம் மாணவருக்கு விற்கவில்லை. பாட்டில் அலமாரியிலிருந்து எடுக்கப்பட்டதா, தெரிந்தே பைக்குள் வைக்கப்பட்டதா என்பதை உரிய குடும்பத்தாரிடமே விட்டுவிடுகிறேன். இரண்டாவது சரக்கு எவர்சில்வர் தண்ணீர்க் குடுவையில் ஆரஞ்சுச் சாற்றுடன் வந்திருக்கிறது. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களை மாவட்டச் சோதனைச்சாவடியிலேயே வாங்கி வைத்துக்கொள்வதால், எவர்சில்வர் குடுவை கொடுத்தனுப்புங்கள் என்று சென்ற ஆண்டு கேட்டதும் நாங்கள்தான். நல்ல விதிக்கும் இப்படி ஒரு பயனைக் கண்டுபிடிக்கும் கூர்மையை அவர்கள் வேதியியல் விடைத்தாளில் காட்டினால் மகிழ்வேன்.

செய்தி பரவியதும் சில பெற்றோர் தொலைபேசியில் பேசினார்கள். பெரும்பாலோர் கவலையுடன். ஓரிருவர் வேறுவிதமாக: “சார், இந்த வயதில் இதெல்லாம் சகஜம்தானே, நாங்களும் இங்கேதானே படித்தோம், கெட்டா போய்விட்டோம்?” இந்தக் கேள்விக்கு நான் மரியாதையுடன் பதில் சொல்ல விரும்புகிறேன்.

நீங்கள் கெட்டுப்போகவில்லை, உண்மை. அதனால்தான் நிறுவனர் தினத்துக்கு வருகிறீர்கள். கெட்டுப்போனவர்கள் வருவதில்லை, அவர்களுக்கு நாம் அழைப்பும் அனுப்புவதில்லை. கேம்ப்ஃபயரில் சொல்லப்பட்ட கயிற்றுக் கதையில் இன்னொரு மாணவன் இருந்தான். அவனை யாரும் குறிப்பிடவில்லை. கயிற்றுடன் பிடிபட்டவன் அவன்தான். பொதுத்தேர்வுக்குச் சில வாரங்களே இருந்தபோது பள்ளியிலிருந்து நீக்கப்பட்டான். அவன் தந்தை பஸ்ஸில் வந்திருந்தார். தகரப் பெட்டியைப் பெற்றுக்கொண்டதாகப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவை மூடாமலேயே நின்று, “ஹால் டிக்கெட்டாவது கிடைக்குமா, ஐயா?” என்று கேட்டார். அப்போதைய நிர்வாகம் கிடைக்கச் செய்தது. அதன்பின் அந்த மாணவனைப் பற்றி எங்களுக்கு எந்தத் தகவலும் இல்லை. கதையின் இந்தப் பாதி நம் பிள்ளைகளின் காதில் விழவேயில்லை.

விடுதிச் சுவருக்கு வெளியே தெரியாத சில விஷயங்களும் உண்டு. மலைப் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாக ஓடும் பொய், குளிருக்கு ஒரு மடக்கு இதம் என்பது. மது உள்ளே போனால் தோலுக்கடியில் உள்ள ரத்தக் குழாய்கள் விரிகின்றன. அதனால் உடல் சூடானதுபோலத் தோன்றுகிறது. உண்மையில் உடலின் உள்வெப்பம் அந்த வழியாகத்தான் வெளியேறிக்கொண்டிருக்கிறது. பனி விழும் டிசம்பர் இரவில், சலவைக் கூடத்துக்குப் பின்னால் ஒரு பையன் அப்படியே தூங்கிப்போனால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. காப்பியோ எலுமிச்சைச் சாறோ குளிர்ந்த நீரோ போதையை இறக்காது. கல்லீரல் தன் வேகத்தில்தான் வேலை செய்யும். நினைவில்லாதவனை மல்லாக்கப் படுக்கவைத்தால் வாந்தி மூச்சுக்குழாய்க்குள் இறங்கலாம். ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும், உடனே பெரியவர்களை அழைக்க வேண்டும். கதை சொல்பவர்கள் இவற்றையும் சேர்த்துச் சொல்லலாம்.

குடுவையில் வருவது என்னவென்று குடிப்பவருக்கே தெரியாது என்பது அடுத்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தது மெத்தனால் கலந்த சாராயத்தால். மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்குகிறது. அது கூலித்தொழிலாளர்களின் சாராயம், நம் வீட்டுப் பிள்ளைகள் குடிப்பது நல்ல சரக்கு என்று ஒரு பெற்றோர் சொன்னார். இன்று வீட்டு அலமாரி பூட்டப்பட்டால், பதினேழு வயதுப் பையன் நாளை எங்கே கேட்பான் என்று மட்டும் அவர் யோசிக்கட்டும்.

இனிச் சொல்வதை வேண்டுகோளாக அல்ல, விதியாக எடுத்துக்கொள்ளுங்கள். மதுவைப் பள்ளிக்குள் கொண்டுவரும் மாணவர், எந்த வகுப்பானாலும், யாருடைய பிள்ளையானாலும், எந்த அறக்கட்டளைக்கு யார் நன்கொடை கொடுத்திருந்தாலும், நீக்கப்படுவார். பொதுத்தேர்வுக்குப் பதிவாகியிருந்தால் தேர்வு எழுத மட்டும் வந்து செல்லலாம். குடித்தவர் இடைநீக்கம் செய்யப்படுவார். மனநல ஆலோசகரிடம் ஆலோசனை முடித்த பிறகே விடுதிக்குத் திரும்பலாம். விடுமுறையிலிருந்தும் வெளியூர் அனுமதியிலிருந்தும் திரும்பும்போது பெட்டிகள் உங்கள் முன்னிலையிலேயே திறக்கப்படும்; குடுவைகள் வாயிலிலேயே காலி செய்து கழுவப்படும். பார்வையாளர் ஞாயிறன்று நீங்கள் கொண்டுவரும் தின்பண்டங்கள் விடுதிச் சரக்கறையில்தான் வைக்கப்படும். உங்கள் காரின் பின்பெட்டியில் இருப்பது உங்கள் சொந்த விஷயம். அது பள்ளி வாயிலைத் தாண்டினால் என் விஷயம். சிறார் நீதிச் சட்டம் 2015-இன் 77-ஆம் பிரிவின்படி, பதினெட்டு வயது நிரம்பாதவருக்கு மது கொடுப்பவருக்கு ஏழு ஆண்டுகள் வரை கடுங்காவல் சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். கொடுப்பவர் தந்தையா, தாய்மாமனா என்று சட்டம் கேட்பதில்லை. அடுத்த முறை நானும் கேட்கமாட்டேன்.

ஒரே ஒரு விலக்கு உண்டு. ஆபத்தில் இருக்கும் நண்பனுக்காக உதவி கேட்டு வரும் மாணவருக்குத் தண்டனை கிடையாது. அவரும் குடித்திருந்தாலும் கிடையாது. தண்டனைக்குப் பயந்துதான் அன்று மூன்று கம்பளிகள் போர்த்தப்பட்டன. இந்த விலக்கை உங்கள் பிள்ளைகளிடம் நீங்களும் உங்கள் வாயால் சொல்ல வேண்டுகிறேன்.

கடுமையாக எழுதிவிட்டேன் என்று தோன்றினால், நம் மூத்த மாணவர்களைப் பற்றி நல்லதும் சொல்ல வேண்டும். அவர்கள் பொல்லாதவர்கள் அல்லர். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு இரவு உணவு, ஏழரைக்குப் படிப்பு, பத்துக்கு விளக்கணைப்பு என்று ஐந்தாம் வகுப்புக் குழந்தைக்கும் பதினேழு வயதுக்காரருக்கும் ஒரே கால அட்டவணை போட்டால், பின்பக்கச் சுவர் அவர்களை இழுக்கத்தான் செய்யும். மாணவர் தலைவர்களுடன் உட்கார்ந்து பேசினோம். பட்டியலில் அவர்கள் முதலில் எழுதியது அடுப்பு. தாங்களே எதையாவது சமைத்துச் சாப்பிட வேண்டுமாம். அடுத்த பருவத்திலிருந்து சனிக்கிழமைகளில் மூத்தோர் பொது அறை பதினோரு மணி வரை திறந்திருக்கும். அங்கே ஒரு மின்னடுப்பும் முட்டையும் நூடுல்ஸும் இருக்கும். மாணவ மாணவியர் சேர்ந்து கலந்துகொள்ளும் மாதாந்திர மாலை நிகழ்ச்சியை நிறுத்திவிட வேண்டும் என்று சிலர் ஆலோசனை சொன்னார்கள். நிறுத்தப்போவதில்லை. இசையை அவர்களே தேர்ந்தெடுப்பார்கள், விளக்குகளை நாங்கள் தேர்ந்தெடுப்போம்.

முன்னாள் மாணவர் சங்கத்தினர் இதை நல்ல மனத்துடன் ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு கேம்ப்ஃபயரும் நடக்கும், கதைகளும் உண்டு. மாணவர்கள் எட்டரை மணிக்கு எழுந்து போன பிறகு பெரியவர்கள் தங்கள் விருப்பம்போல் நினைவுகூரலாம். வர்க்கி பிஸ்கட்டும் சூடான தேநீரும் பள்ளி வழங்கும். மாணவர்கள் முன்னால் பேச விரும்புபவர்கள் கதையை முடிவு வரை சொல்ல ஆயத்தமாக வரவும்.

கதவைத் தட்டிய பதினோராம் வகுப்பு மாணவனுக்குப் பள்ளியின் சார்பில் என் நன்றி. அவன் பெற்றோருக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். அன்றிரவு பனிமூட்டத்தில் வேனை ஓட்டிச் சென்ற ஓட்டுநருக்கும், விடியும்வரை படுக்கையருகே உட்கார்ந்திருந்த மேட்ரனுக்கும், தங்கள் துயரத்தைப் பிறருக்குப் பயன்படும்படி பகிர அனுமதித்த குடும்பத்தாருக்கும் நாம் அனைவரும் கடமைப்பட்டிருக்கிறோம். பிள்ளைகளை எங்களை நம்பி இந்த மலைக்கு அனுப்பியிருக்கும் உங்களுக்கும் என் மனமார்ந்த நன்றி.

விடுமுறைக்கு அழைத்துச் செல்ல வருபவர்கள் வாகனத்துக்கு நீலகிரிக்குள் நுழைவதற்கான இ-பாஸ் எடுத்துக்கொண்டு வரவும். இத்துடன் இணைத்துள்ள ஒப்புகைச் சீட்டில் தாய், தந்தை இருவரும் கையெழுத்திட்டு, பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பும் நாளன்று கொடுத்தனுப்ப வேண்டும். சீட்டு இல்லாமல் விடுதி அறை ஒதுக்கப்படாது.

அன்புடன்,
தலைமையாசிரியர்

பி.கு.: பெயர் தைக்கப்படாத ஸ்வெட்டர்கள் ஏராளமாக மேட்ரன் அறையில் குவிந்துள்ளன. போகும்போது பார்த்து எடுத்துச் செல்லவும்.